பீர் விநியோக விளையாட்டு

விநியோகச் சங்கிலி மேலாண்மையைக் கற்பிப்பதற்காக உலகெங்கும் மேலாண்மைக் கல்லூரிகளில் ஆடப்படும் பாவனை விளையாட்டு. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் (எம்.ஐ.டி.) ஜே ஃபாரஸ்டரின் குழு 1960-ஐ ஒட்டி இதை உருவாக்கியது. பல பத்தாண்டுகள் மேசை மீது பலகை விரித்து, வில்லைகளை நகர்த்தி ஆடப்பட்டது. இன்று பெரும்பாலும் இணையத்தில் ஆடப்படுகிறது. உண்மையான பீர் எந்த வடிவத்திலும் கிடையாது.

ஃபாரஸ்டர் அடிப்படையில் மின்பொறியாளர். கணினியின் காந்த உள்ளக நினைவகத்தை உருவாக்கியவர்களில் முக்கியமானவர். 1956-இல் எம்.ஐ.டி.யின் மேலாண்மைப் பள்ளிக்கு மாறிய பிறகு, ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தார் தங்கள் சிக்கல் ஒன்றை அவரிடம் சொன்னார்கள். கென்டக்கியில் இருந்த அவர்களது வீட்டு உபயோகப் பொருள் ஆலைகள் சில காலம் மூன்று நான்கு ஷிப்ட் ஓடும். சில ஆண்டுகளில் பாதித் தொழிலாளர்கள் வேலை இழப்பார்கள். சந்தை நிலவரம்தான் காரணம் என்ற பதில் அவருக்குப் போதவில்லை. ஆலை எப்படி ஆள் எடுக்கிறது, எவ்வளவு சரக்கு இருப்பு வைக்கிறது என்று கேட்டறிந்து, ஒரு நோட்டுப் புத்தகத்தில் வாரவாரமாகப் பென்சிலால் கணக்குப் போட்டார். வெளியே தேவை சீராக இருந்தாலும், உள்ளே முடிவெடுக்கும் முறையே ஏற்ற இறக்கத்தைப் பிறப்பிக்கும் என்று அந்தக் கணக்கு காட்டியது. இதன் விரிவு 1958-இல் ஹார்வர்ட் பிசினஸ் ரிவ்யூவில் கட்டுரையாகவும், 1961-இல் ‘இண்டஸ்ட்ரியல் டைனமிக்ஸ்’ என்ற நூலாகவும் வெளிவந்தது. அந்தச் சமன்பாடுகளை யாரும் தாமே அனுபவித்து அறியும்படி செய்ததுதான் இந்த விளையாட்டு.

நிர்வாக விளையாட்டுகள் அதற்கு முன்பே இருந்தன. ராண்ட் நிறுவனம் அமெரிக்க விமானப்படையின் உதிரிபாக வழங்கலை வைத்து 1955-இல் ‘மோனோபோலாக்ஸ்’ என்ற ஒன்றை அமைத்திருந்தது. ஆனால் நிலைத்து நின்றது பீர் விளையாட்டுதான். அதன் எளிமையே காரணம் என்று சொல்லத் தோன்றுகிறது.

ஆட்டத்தில் நால்வர்: சில்லறை வியாபாரி, மொத்த வியாபாரி, விநியோகஸ்தர், தொழிற்சாலை. ஒருவரோடொருவர் பேசக்கூடாது; மேலே போவது ஆர்டர், கீழே வருவது சரக்கு, அவ்வளவுதான். ஆர்டர் போய்ச் சேர 2 வாரம், சரக்கு வந்து சேர 2 வாரம். ஒவ்வொருவர் கையிலும் தொடக்கத்தில் 12 பெட்டி. மிஞ்சிக் கிடக்கும் பெட்டிக்கு வாரம் அரை டாலர் செலவு. கொடுக்க முடியாமல் பாக்கி நிற்கும் பெட்டிக்கு ஒரு டாலர். வாடிக்கையாளர் கேட்பது சில்லறை வியாபாரிக்கு மட்டுமே தெரியும். முதல் நான்கு வாரம் 4 பெட்டி. ஐந்தாம் வாரம் அது 8 ஆகிறது, கடைசிவரை 8-தான்.

அந்த ஒரே ஒரு மாற்றம் என்ன செய்கிறது என்று பாருங்கள். ஐந்தாம் வாரமே சில்லறை வியாபாரி சுதாரித்து 8 பெட்டி கேட்டாலும் அது ஒன்பதாம் வாரம்தான் வரும். அதுவரை வாரம் 4 வந்து 8 போகிறது. ஏழாம் வாரக் கடைசியில் இருப்பு பூஜ்யம். எட்டாம் வாரம் 4 பெட்டி பாக்கி. பதற்றத்தில் அவர் 12 கேட்கிறார், பிறகு 16 கேட்கிறார். ஏற்கெனவே கேட்டது வழியில் வந்துகொண்டிருப்பதை மறந்துவிடுகிறார். மொத்த வியாபாரி இதைப் பார்த்து இன்னும் கூட்டிக் கேட்கிறார். அலை தொழிற்சாலையை எட்டும்போது பூதாகரமாகிவிடுகிறது. பிறகு எல்லாச் சரக்கும் ஒன்றாக வந்து குவிய, ஆர்டர் பூஜ்யத்துக்கு விழுகிறது.

ஆட்டம் முடிந்ததும், வாடிக்கையாளர் தேவை எப்படி இருந்திருக்கும் என்று மற்ற மூவரையும் வரைந்து காட்டச் சொல்வது வழக்கம். பெரும்பாலோர் மலையும் பள்ளமுமாக வரைவார்கள். உண்மையான கோடு, ஒரே ஒரு படி ஏறிய நேர்கோடு, அதன் பிறகுதான் திரையில் காட்டப்படும். இந்த விளையாட்டின் உயிர் இந்தக் கணத்தில் இருக்கிறது. அதுவரை பக்கத்து மேசைக்காரரைக் குறை சொன்னவர்கள், அலையை எழுப்பியதில் தங்களுக்கும் பங்குண்டு என்று நேருக்கு நேர் காண்கிறார்கள்.

எம்.ஐ.டி.யின் ஜான் ஸ்டெர்மன் 1989-இல் வெளியிட்ட ஆய்வு இதை அளந்து காட்டியது. சராசரியாக ஓர் அணியின் செலவு 2,028 டாலர். நிதானமாக ஆடினால் ஆகக்கூடியதோ 204 டாலர்தான். ஏறத்தாழ பத்து மடங்கு. வழியில் இருக்கும் சரக்கைக் கணக்கில் எடுக்காததே முதன்மைக் காரணம் என்று அவர் நிறுவினார். 48 ஆட்டங்கள் நடத்தியும் அவர் பகுப்பாய்வுக்கு எடுத்தவை 11 மட்டுமே; கைக்கணக்கில் பிழை நேர்ந்த ஆட்டங்களைத் தள்ள வேண்டியிருந்தது. 1990-இல் பீட்டர் செங்கே ‘தி ஃபிஃப்த் டிசிப்ளின்’ நூலில் ஓர் அத்தியாயத்தையே இதற்கு ஒதுக்க, வகுப்பறைக்கு வெளியேயும் இது பரவியது. 1997-இல் ஹாவ் லீ, பத்மநாபன், வாங் ஆகியோர் இந்த அலைபெருக்கத்தை ‘சாட்டை விளைவு’ என்ற பெயரில் ஆராய்ந்தார்கள். பிராக்டர் அண்ட் கேம்பிள் நிறுவனத்தார் பாம்பர்ஸ் டயாபர் விற்பனையில் கண்டு புழங்கிய பெயர் அது. குழந்தைகள் ஒரே சீராகத்தான் டயாபர் பயன்படுத்துகிறார்கள். நிறுவனத்துக்கு வந்த ஆர்டரோ தாறுமாறாக ஏறி இறங்கியது. மொத்தமாகச் சேர்த்து ஆர்டர் போடுவது, தள்ளுபடி விலை, தட்டுப்பாட்டின்போது தேவைக்கு மேல் கேட்டு வைப்பது போன்றவற்றையும் அவர்கள் காரணமாகச் சுட்டினார்கள்.

1998-இல் கமின்ஸ்கியும் சிம்ச்சி-லெவியும் கணினி வடிவம் ஒன்றை விவரித்தனர். காத்திருப்புக் காலத்தைக் குறைத்தால் என்ன ஆகும், எல்லாத் தகவலும் ஒரே கையில் இருந்தால் என்ன ஆகும் என்பதை அதில் மாற்றி மாற்றி ஆடலாம். 2000-இல் ராபர்ட் ஜேக்கப்ஸ் இணைய வடிவத்தைப் பற்றி எழுதினார். கணக்குப் பிழை ஒழிந்தது. வெவ்வேறு ஊர்களில் இருப்பவர்கள் ஓர் அணியில் சேர முடிந்தது. வரைபடம் நொடியில் வந்தது. இவை மெய்யான லாபங்கள். ஆனால் பலகையில் எதிரே குவியும் வில்லைகளைக் கண்ணால் பார்க்கும் கலக்கத்தைத் திரையில் தெரியும் எண் அவ்வளவாகத் தருவதில்லை. ஆட்டம் வேகமாக முடிவதால், பின்னர் நடக்க வேண்டிய கலந்துரையாடலை ஆசிரியர் சுருக்கிவிடும் அபாயமும் உண்டு. அதைச் சுருக்கினால் பாடமே போயிற்று.

இதன் வழியில் பிற இணைய விளையாட்டுகளும் வந்தன. 1990-களின் பிற்பகுதியில் ஸ்டான்ஃபோர்டில் பிறந்த ‘லிட்டில்ஃபீல்ட் டெக்னாலஜீஸ்’ ஒரு மின்னணு ஆலையை மாணவர் கையில் ஒப்படைக்கிறது. அவர்கள் தூங்கும் நேரத்திலும் ஆலை ஓடிக்கொண்டிருக்கும். நெதர்லாந்தின் ‘தி ஃபிரெஷ் கனெக்‌ஷன்’, நஷ்டத்தில் இருக்கும் பழச்சாறு நிறுவனம் ஒன்றைக் கொள்முதல், உற்பத்தி, விற்பனை, விநியோகச் சங்கிலி ஆகிய நான்கு பொறுப்பாளர்களிடம் தருகிறது. இவை நிஜத்துக்கு நெருக்கமானவை; கற்றுக்கொள்ள நாளும் கூடுதலாக வேண்டும்.

விளையாட்டு, ஆய்வுக் கருவியாகவும் தொடர்கிறது. வாடிக்கையாளர் தேவை எந்த வகையில் மாறும் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டாலும் சாட்டை விளைவு மறைவதில்லை என்று குரோசனும் டானஹூவும் 2006-இல் காட்டினார்கள். அண்மையில் லீஹை பல்கலைக்கழக ஆய்வாளர்கள் நால்வரில் ஒருவரின் இடத்தில் தானாகக் கற்கும் நிரலை அமர்த்திப் பார்த்தனர். மற்ற மூவரும் மனிதர்களைப் போலப் பதறி ஆர்டர் போடும்போது, பாடப்புத்தகம் சொல்லும் இருப்பு விதியைவிட அந்த நிரல் குறைந்த செலவில் ஆடியது.