முகமூடி வீரனின் மோதிரமும் ஓர் உண்டியலும்

வூடி அலன் எழுதி இயக்கி 1987 இல் வெளிவந்த 'றேடியோ டேய்ஸ்' ஒன்றரை மணித்தியாலம்கூட ஓடாத ஓர் அமெரிக்கத் திரைப்படம். கட்டிறுக்கமான கதை எதுவும் அதில் இல்லை. நியூயோர்க் நகரின் குயின்ஸ் பகுதியில், றொக்கவே என்ற கடற்கரைக் குடியிருப்பில், ஒரே கூரையின் கீழ் நெருக்கியடித்து வாழும் ஒரு யூதக் கூட்டுக்குடும்பமும், அந்த வீட்டில் ஓயாது ஒலிக்கும் வானொலியுமே அதன் பொருள். 1930களின் கடைசியில் தொடங்கும் படம் 1944 பிறக்கும் இரவில் முடிகிறது. ஜோ என்ற சிறுவனின் நினைவுகளாக, முதிர்ந்துவிட்ட அவனுடைய குரலில் சம்பவங்கள் சொல்லப்படுகின்றன. அந்தக் குரல் அலனுடையது.

நான் மிகவும் விரும்பும் படங்களுள் இது ஒன்று. யூதக் குடும்பமொன்றைக் கொண்டாடும் படத்தில் நமக்கு என்ன ஈடுபாடு என்று நம்மவரிற் சிலர் கேட்கக்கூடும். அந்த விருப்பத்தை மறைக்காமலும், படத்தின் நடுவே குலுங்கும் ஓர் உண்டியலை மறக்காமலும் இதனை எழுதுகிறேன்.

அமெரிக்காவில் வர்த்தக வானொலி 1920 நவம்பர் 2 ஆம் திகதி பிட்ஸ்பர்க் நகரிலிருந்து ஜனாதிபதித் தேர்தல் முடிவுகளை ஒலிபரப்பியதோடு கால்கொண்டது என்பர். 1933 மார்ச்சில் ஜனாதிபதி ரூஸ்வெல்ட் வானொலி வழியாகத் தம் மக்களுடன் வீட்டாரோடு உரையாடுவதுபோலப் பேசத் தொடங்கினார். 1940 ஆம் ஆண்டின் குடிசன மதிப்பீட்டின்போது அந்நாட்டு வீடுகளில் ஐந்தில் நான்குக்கு மேற்பட்டவற்றில் வானொலிப் பெட்டி இருந்தது. ஜோவின் வீடும் அவற்றுள் ஒன்று. அங்கே ஒவ்வொருவருக்கும் ஒரு நிகழ்ச்சி சொந்தம். பாத்திரம் கழுவும் தாய்க்குப் பணக்காரத் தம்பதியரின் காலையுணவு அரட்டை. கல்யாணம் கைகூடாத சிற்றன்னை பீக்குப் பாட்டுகள். பெரியம்மாவுக்குப் பொம்மையைப் பேசவைக்கும் குரல்வித்தைக்காரர். கண்ணால் காணமுடியாத வானொலியில் அவருடைய உதடு அசைகிறதா இல்லையா என்று யாருக்குத் தெரியும் என வீட்டில் ஒரு வழக்கும் நடக்கிறது. ஜோவுக்கோ 'முகமூடி வீரன்'. எதிரிகளை நடுநடுங்க வைக்கும் அந்த வீரனுக்குக் குரல் கொடுப்பவர் குள்ளமான, வழுக்கைத் தலை மனிதர் என்பது நமக்குத் தெரியும், சிறுவனுக்குத் தெரியாது.

இந்தப் படத்தை வரலாறாகக் கொள்ளலாமா? அலன் தரும் காட்சிகள் ஆவணங்கள் அல்ல. 1938 ஒக்டோபர் 30 இரவு ஓர்சன் வெல்ஸ் நடத்திய 'உலகங்களின் யுத்தம்' நாடகத்தைக் காரில் கேட்ட ஒருவன், செவ்வாய்க்கிரகவாசிகள் இறங்கிவிட்டார்கள் என்று பயந்து, கூடவந்த பீயை மூடுபனியில் தனியே விட்டுவிட்டு ஓடிவிடுகிறான். அவள் நடந்தே வீடு வருகிறாள். அந்த இரவில் நாடே கலங்கி ஓடியது என்ற கதை நெடுங்காலம் நம்பப்பட்டது. உண்மையில், அந்நேரம் தொலைபேசியில் விசாரிக்கப்பட்ட ஐயாயிரம் வீடுகளில் நூற்றுக்கு இரண்டு வீதமானோரே அதனைக் கேட்டுக்கொண்டிருந்ததாகக் கூறியிருந்தனர். பீதியைப் பெருப்பித்தவை, வானொலியைப் போட்டியாளனாகக் கண்ட பத்திரிகைகளே என்று பிற்கால ஆய்வாளர்கள் காட்டியுள்ளனர்.

இன்னொரு காட்சி. குழப்படி செய்த ஜோவைத் தகப்பன் அடிக்கத் துரத்துகிறார். அவ்வேளை, கிணற்றில் விழுந்த ஒரு சிறுமியை மீட்கும் முயற்சி வானொலியில் நேரடியாக ஒலிக்கிறது. ஓங்கிய கை தாழ்கிறது. தகப்பன் மகனை அணைத்தபடி கேட்டுக்கொண்டிருக்கிறார். சிறுமி பிழைக்கவில்லை. இதற்கு நெருங்கிய உண்மைச் சம்பவம் 1949 இல் கலிபோர்னியாவில் நிகழ்ந்தது. அதை மணிக்கணக்காக நேரடியாகக் காட்டியதன்மூலம் தன் வலிமையை நிறுவிக்கொண்டது அப்போது பிறந்திருந்த தொலைக்காட்சி. நினைவு, காலத்தை மாற்றிப்போடுகிறது. ஆனால் அந்தத் தகப்பனின் கை தாழ்ந்த விதத்தில் பொய் இல்லை. யாரோ ஒரு பிள்ளையின் துயரத்தைத் தன் வீட்டுத் துயரமாகக் கேட்கக் குரல் ஒன்றே போதுமாக இருந்த காலம் அது.

நமக்கு நெருக்கமான ஒரு காட்சியும் உண்டு. யூதர்கள் தம் திஷ்ரி மாதத்துப் பத்தாம் நாளில் நோன்பு நோற்பர். மதீனாவில் யூதர் நோற்ற நோன்பு குறித்தும் ஆஷூரா குறித்தும் வந்துள்ள ஹதீஸ்களை அறிந்தவர்களுக்கு இந்த உறவு புதிதல்ல. அந்நாளில், அடுத்த வீட்டுக் கம்யூனிஸ்டுகள் வானொலியைச் சத்தமாக வைக்கிறார்கள். பசியோடு நியாயம் கேட்கப்போன பெரியப்பா ஏப் நெடுநேரம் கழித்துத் திரும்புகிறார்: வயிற்றில் பன்றியிறைச்சி, வாயில் மார்க்சியம். சற்றுநேரத்தில் நெஞ்சு வலிக்க, இறைதண்டனை இறங்கிவிட்டதென்று அஞ்சுகிறார். இந்தப் பெரியப்பாவை நம்முடைய தெருவிலும் நாம் கண்டிருக்கிறோம்.

இனி அந்த உண்டியல். முகமூடி வீரனின் இரகசிய அறை கொண்ட மோதிரத்துக்கு ஜோ ஏங்குகிறான், கையில் காசில்லை. பலஸ்தீனத்தில் யூத நாடமைக்கக் காசு சேர்த்து வரும்படி மதபாடசாலையில் பிள்ளைகளிடம் உண்டியல்கள் தரப்படுகின்றன. சேர்ந்த காசை ஜோ மோதிரத்துக்கு எடுத்துக்கொள்ள முனைகிறான், பிடிபடுகிறான். றப்பி அடிக்க, எங்கள் பிள்ளையை நாங்கள்தான் அடிப்போம் என்று தாயும் தகப்பனும் முறைவைத்து அடிக்க, திரையரங்கு சிரிக்கிறது. நானும் சிரித்திருக்கிறேன். ஆயினும் அந்தத் தகரப்பெட்டியின் ஓசை சிரிப்போடு அடங்குவதில்லை.

அது கற்பனைப் பெட்டியல்ல. யூத தேசிய நிதியம் 1901 இல் பாசல் நகரில் கூடிய ஐந்தாவது சியோனிச மாநாட்டில் உருவானது. பலஸ்தீனத்தில் நிலம் வாங்குவதே அதன் பணி. அதன் நீலநிற உண்டியல்கள் உலகெங்கும் யூத வீடுகளில் இருந்தன. அவற்றில் காசு போட்டவர்கள் பெரும்பாலும் ஏழைகள். ஐரோப்பாவில் தம் உறவினர்கள் வேட்டையாடப்பட்ட காலத்தில், ஒதுங்க ஓரிடம் தேடியவர்கள். அறுபது இலட்சம் யூதர்கள் அங்கே கொல்லப்பட்டனர். அந்த அச்சத்தைப் பொய்யென்று சொல்வது நீதியாகாது. அதுபோலவே, வாங்கவிருந்த அந்த நிலத்தில் ஏற்கனவே வீடுகளும் வீடுகளில் குடும்பங்களும் இருந்தன என்பதைச் சொல்லாமல் விடுவதும் நீதியாகாது.

1947 இல் பலஸ்தீன நிலத்தில் ஏறத்தாழ நூற்றுக்கு ஏழு பங்கே யூதருக்குச் சொந்தமாயிருந்தது. அவ்வாண்டு நவம்பர் 29 ஆம் திகதி, நாட்டைப் பிரிக்கும் தீர்மானம் ஐ.நா. பொதுச்சபையில் 33 க்கு 13 என்று நிறைவேறியது. பத்து நாடுகள் வாக்களிக்கவில்லை. பொதுச்சபை அப்போது கூடிய இடம் பிளஷிங் மெடோஸ். றொக்கவே இருக்கும் அதே குயின்ஸ் பகுதி! நாடுகளின் பெயர்கள் ஒவ்வொன்றாக வாசிக்கப்பட்டதை வானொலியில் ஜெரூசலத்து வீடுகள் கேட்டுக்கொண்டிருந்தன. ஒரே ஒலிபரப்பு யூதர்களைத் தெருவில் இறங்கி ஆடவைத்தது. அரபு வீடுகளில் இடியாக இறங்கியது. தொடர்ந்த யுத்தத்தில் ஏழு இலட்சத்துக்கு மேற்பட்ட பலஸ்தீனர்கள் வீடிழந்தனர். அவர்கள் விட்டுச்சென்ற நிலத்தில் ஒரு பகுதியைப் பின்னர் இஸ்ரேலிய அரசிடமிருந்து அதே நிதியம் வாங்கிக்கொண்டது.

அந்த வீடுகளிலும் வானொலி இருந்தது. 1936 மார்ச் 30 இல், பிரித்தானிய ஆட்சியின்கீழ், பலஸ்தீன ஒலிபரப்புச் சேவை ரமல்லாவில் நிறுவிய அஞ்சற்கோபுரத்தோடு அரபு, ஹீப்ரு, ஆங்கில மொழிகளில் தொடங்கியது. அதன் அரபுப் பிரிவுக்குத் தலைமை தாங்கியவர் நாப்லுஸ் நகரத்துக் கவிஞர் இப்ராஹீம் தூக்கான். குர்ஆன் ஓதலும், செய்தியும், பாட்டும், சிறுவர் நிகழ்ச்சியுமாக அந்த அலைகள் யாபா, ஹைபா நகரத்து வீடுகளுக்குள்ளும் போயின. ஜோ முகமூடி வீரனைக் கேட்டுக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில், அங்கும் ஒரு தாய் சமையலிடையே காதுகொடுத்திருப்பாள். ஒரு சிறுவன் தனக்குப் பிடித்த நிகழ்ச்சிக்காகச் சண்டை பிடித்திருப்பான்.

ஜெரூசலத்தின் கத்தமோன் பகுதியில் வாழ்ந்த கிறிஸ்தவ அரபியரும் கல்வியாளருமான கலீல் சகாகினி 1948 ஏப்ரல் இறுதியில் தன் வீட்டையும் நூலகத்தையும் விட்டுப் புறப்பட்டார். 1953 இல் கெய்ரோவில் காலமானார். 1967 யுத்தத்தின்பின் அவருடைய புதல்வியர் ஜெரூசலத்திலுள்ள யூத தேசிய நூலகத்துக்குச் சென்றபோது, தகப்பனின் நூல்களை அங்கே கண்டனர். ஓரங்களில் அவருடைய கையெழுத்துக் குறிப்புகள் இருந்தன.

அலனின் படம், ஆண்டுகள் போகப்போக அந்தக் குரல்கள் மங்கிவருகின்றன என்ற ஏக்கத்தோடு முடிகிறது. அவருக்கு அவை மங்கியது காலத்தால் மட்டுமே. றொக்கவே வீட்டிலிருந்து அவர்களை எவரும் துரத்தவில்லை. சகாகினியின் வீட்டில் குரல்கள் ஒரே நாளில் நின்றன. இதற்காக நான் ஜோவின் குடும்பத்தை வெறுக்கவில்லை. பெரியப்பா ஏப் கழுவாமல் கொண்டுவரும் மீனும், பீ சித்தியின் தோற்றுப்போன காதல்களும் எனக்கு இன்னும் பிரியமானவை. ஒரு வீட்டை இத்தனை நுணுக்கமாக நேசிக்கக் கற்றுத்தந்த படம் அது. அதனால்தான் கத்தமோன் வீட்டைப்பற்றி வாசிக்கும்போது அகதிகளின் தொகை எனக்குப் போதவில்லை. கூடத்தில் வானொலி எந்த மூலையில் இருந்தது, மாலையில் அதன் பக்கத்தில் யார் உட்கார்ந்தார்கள், கடைசி நாளில் அதை யார் நிறுத்தினார்கள் என்று கேட்கத் தோன்றுகிறது.