வேலைநீக்கமும் வேலையிழப்பு உதவியும் (கன்னியாகுமரி மாவட்டம்)

தன் குற்றமின்றி வேலை பறிபோன தொழிலாளிக்கு அடுத்த வேலை கிடைக்கும்வரை தரப்படும் பணமே வேலையிழப்பு உதவி. கன்னியாகுமரி மாவட்டத்தின் தனியார் ஆலைத் தொழிலாளர்கள் இதற்கு நம்பியிருப்பது இ.எஸ்.ஐ. எனப்படும் தொழிலாளர் அரசு காப்பீட்டுத் திட்டத்தை.

பிரிட்டன் 1911இல் வேலையின்மைக் காப்பீட்டைச் சட்டமாக்கியது. 1919இல் வாஷிங்டனில் கூடிய முதல் சர்வதேசத் தொழிலாளர் மாநாடு வேலையின்மை குறித்து ஓர் உடன்படிக்கை செய்தது. பிரிட்டிஷ் இந்தியா 1921இல் அதை ஏற்று, 1938இல் விலகிக்கொண்டது. இடையில் தொழிலாளர் நிலை குறித்து 1931இல் அறிக்கை தந்த விட்லி ஆணையம், இந்தியாவுக்கு இத்தகைய காப்பீடு ஒத்துவராது என்று கருதியது. தொழிலாளர் உடல்நலக் காப்பீடு பற்றிய பி.பி. அதார்கரின் 1944 அறிக்கையைத் தொடர்ந்து வந்த 1948ஆம் ஆண்டு இ.எஸ்.ஐ. சட்டமும் நோய், பேறுகாலம், வேலையில் நேரும் காயம் ஆகியவற்றுக்கே காப்பளித்தது. அரசியலமைப்பின் 41ஆம் கூறு வேலையின்மைக் கால உதவியைக் குறிப்பிட்டும், அது வெறும் வழிகாட்டு நெறியாகவே நின்றது. 1953இல் ஆட்குறைப்புக்கு இழப்பீடு வந்தது: 240 நாள் வேலை செய்தவருக்கு ஒரு மாத முன்னறிவிப்பும், ஆண்டுக்கு 15 நாள் கூலியும். 2005இல்தான் இ.எஸ்.ஐ.யின் ராஜீவ் காந்தி ஷ்ராமிக் கல்யாண் யோஜனா வேலையிழப்புப் படியைக் கொண்டுவந்தது. அரை நூற்றாண்டுத் தாமதம் இது.

இந்த மாவட்டத்தில் சட்டம் சோதனைக்குள்ளாகும் இடம், கல்குளம், விளவங்கோடு வட்டாரங்களின் முந்திரி ஆலைகள். ஊர்ப்பேச்சில் 'அண்டி ஆபீஸ்'. 1956 நவம்பர் 1இல் மாவட்டம் தமிழகத்தோடு இணைந்தபின் கேரள எல்லையின் இருபுறமும் குறைந்தபட்சக் கூலி வேறுவேறானது. கூலி குறைந்த இந்தப் பக்கத்துக்குக் கொல்லத்து முதலாளிகள் ஆலைகளை நகர்த்தினர். உடைப்பிலும் தோலுரிப்பிலும் இருப்பவர்கள் பெரும்பாலும் பெண்கள். கிலோக் கணக்கில் கூலி, கையில் தோட்டெண்ணெய்க் கறை. வேலையை விட்டு நிறுத்தும்போது எழுத்தில் உத்தரவு தராமல், "நாளையிலேருந்து வரண்டாம்" என்ற வாய்ச்சொல்லோடு முடித்துவிடலாம். பாக்கிக் கூலியோடு ஒரு தாளும் நீட்டப்படலாம். அதில் கையெழுத்திட்டால் அது ராஜினாமா ஆகிவிடும்.

அந்தத் தாளே உதவியை அடைத்துவிடுகிறது. 2005 திட்டம் ஆலைமூடல், ஆட்குறைப்பு, வேலைக்குத் தொடர்பில்லாத காயத்தால் வரும் நிரந்தர ஊனம் ஆகியவற்றுக்கு மட்டுமே பொருந்தும். 2018இல் வந்த அடல் பீமித் வியக்தி கல்யாண் யோஜனா சராசரி நாள் வருவாயில் 25 விழுக்காட்டை, 2020 முதல் 50 விழுக்காட்டை, வாழ்நாளில் அதிகபட்சம் 90 நாளுக்குத் தருகிறது. தானாக விலகியவருக்கும் ஒழுங்கீனத்துக்காக நீக்கப்பட்டவருக்கும் இல்லை. பொய்க்குற்றம் சாட்டி நீக்கப்பட்டவரும் இந்தக் கணக்கில் ஒழுங்கீனம் செய்தவரே. இது திட்டத்தின் அடிப்படைக் குறை. ஆறுமாத சந்தாக் காலத்தில் 78 நாள் சந்தா வேண்டும் என்பது இன்னொரு தடை. இறக்குமதிக் கொட்டை வராமல் ஆலை அடைத்துக்கிடந்தால் அந்த நாள்கள் சேர்வதில்லை.

ஆகவே முதலில் நீக்கத்தையே எதிர்க்கவேண்டியிருக்கிறது. தொழில் தகராறுகள் சட்டத்தில் 1965இல் சேர்க்கப்பட்ட 2ஏ பிரிவு, சங்கம் இல்லாத தனித் தொழிலாளியும் தன் நீக்கத்தைத் தாவாவாக்க வழிசெய்தது. அதன்படி சமரச அதிகாரியிடம் மனு. 45 நாளில் தீராவிட்டால் தொழிலாளர் நீதிமன்றம். அது திருநெல்வேலியில், நாகர்கோவிலில் இருந்து ஆரல்வாய்மொழி தாண்டி ஏறக்குறைய 80 கி.மீ. தொலைவில் இருக்கிறது. நாள்கூலி இழந்தவருக்கு ஒவ்வொரு வாய்தாவும் செலவு. மீண்டும் வேலையில் சேர்க்கச் சொல்லும் தீர்ப்பை எதிர்த்து முதலாளி உயர்நீதிமன்றம் போனால், வேறு வேலையில் இல்லை எனப் பிரமாணப் பத்திரம் தரும் தொழிலாளிக்குக் கடைசியாக வாங்கிய கூலியைக் கொடுத்துவரவேண்டும் என்றது 1984இல் நடைமுறைக்கு வந்த அதே சட்டத்தின் 17பி பிரிவு. அநியாயமாக நீக்கப்பட்டவருக்குச் சட்டம் தந்தவற்றில் வேலையிழப்பு உதவிக்கு மிக நெருங்கியது இதுவே.

வேலைவாய்ப்பகத்தில் பதிந்து ஐந்தாண்டு காத்திருப்போருக்குத் தமிழக அரசு மாதம் 200 முதல் 600 ரூபாய்வரை தரும் உதவித்தொகை இதனோடு சேராது. வேலை பறிபோனதற்கான ஈடு அல்ல அது. 2025 நவம்பர் 21 முதல் தொழில் தகராறுகள் சட்டத்துக்குப் பதிலாகத் தொழில் உறவுகள் தொகுப்புச் சட்டம் நடப்பில் உள்ளது. நீக்கத்தை எதிர்த்துத் தாவா எழுப்பும் காலம் மூன்றாண்டிலிருந்து இரண்டாகக் குறைந்தது.