திவாலான கம்பெனிகளும் சூப்பர் கம்ப்யூட்டர்களும்

முதலில் ஒரு சின்னக் கணக்கு. ஒரு டெராபைட் தகவல். இன்று சட்டைப் பையில் போட்டுக்கொள்கிற ஹார்டு டிஸ்கில் அடங்கிவிடும். இதை 1986-இல் அமெரிக்காவின் ஒரு சூப்பர் கம்ப்யூட்டர் மையத்திலிருந்து இன்னொரு மையத்துக்கு லைன் வழியாக அனுப்ப எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? நாலரை வருஷம்! அதுவும் லைன் ஒரு நொடிகூட அறுபடாமல் இருந்தால்.

அந்த லைனின் வேகம் நொடிக்கு வெறும் 56 கிலோபிட். அமெரிக்க அரசின் தேசிய அறிவியல் அறக்கட்டளை 1985 வாக்கில் இல்லினாய், சான் டியேகோ, பிட்ஸ்பர்க் உட்பட ஐந்து இடங்களில் சூப்பர் கம்ப்யூட்டர் மையங்களுக்குப் பணம் கொடுத்தது. இந்த மெஷின்களை எல்லாப் பல்கலைக்கழகங்களும் வாங்க முடியாது. எங்கோ ஒரு ஊரில் இருக்கும் பேராசிரியருக்கும் அவை பயன்பட வேண்டுமானால் லைன் வேண்டும். அப்படிப் பிறந்ததுதான் என்எஸ்எஃப்நெட். 1988-இல் அதன் வேகம் 1.5 மெகாபிட் ஆனது, 1991-இல் 45 மெகாபிட். நம்முடைய டெராபைட் இப்போது இரண்டே நாளில் போய்விடும்.

இதற்கு மேல் வேகம் வேண்டுமானால் கண்ணாடி இழையின் முழு பலத்தையும் பயன்படுத்தியாக வேண்டும். சுத்தமான கண்ணாடியில் ஒளி வெகுதூரம் போகும் என்று 1966-இலேயே சார்லஸ் காவ் சொல்லிவிட்டார் (நோபல் பரிசு வந்தது 2009-இல்!). 1990-களில் ஒரே இழையில் பல நிறத்து ஒளிகளைச் சேர்த்து அனுப்பும் முறை வியாபாரத்துக்கு வந்தது. ஒவ்வொரு நிறமும் ஒரு தனி லைன் மாதிரி.

இங்கேதான் வணிகவியல் உள்ளே வருகிறது. கேபிள் பதிப்பதில் பெரிய செலவு இழை அல்ல, பள்ளம் தோண்டுவதுதான். தோண்டியதுதான் தோண்டினோம், தேவைக்கு மேல் பல மடங்கு இழையைப் போட்டு வைப்போம் என்று கம்பெனிகள் நினைத்தன. தப்பில்லாத யோசனைதான். ஆனால் எல்லோரும் ஒரே நேரத்தில் அப்படி நினைத்தால்? இன்டர்நெட் போக்குவரத்து 100 நாளுக்கு ஒருமுறை இரட்டிப்பாகிறது என்ற பேச்சை நம்பி ஆளாளுக்குக் கடன் வாங்கித் தோண்டினார்கள். உண்மையில் அது இரட்டிப்பாக ஏறத்தாழ ஒரு வருஷம் ஆனது.

வில்லியம்ஸ் என்ற கம்பெனியின் கதை சுவாரசியமானது. எண்ணெய், எரிவாயுக் குழாய் நடத்தியவர்கள். பள்ளமே தோண்டாமல், பயன்படாமல் கிடந்த பழைய குழாய்களுக்குள் 1980-களில் கண்ணாடி இழையை நுழைத்தார்கள். என்ன மூளை! அந்த நெட்வொர்க்கை 1995-இல் 250 கோடி டாலருக்கு விற்றார்கள். வாங்கிய கம்பெனிதான் பிறகு வேர்ல்ட்காம் ஆனது. லாபத்தோடு வீட்டுக்குப் போயிருக்கலாம். ஆனால் மறுபடி அதே தொழிலில் இறங்கினார்கள். அவர்களுடைய தொலைத்தொடர்புக் கம்பெனி 2002 ஏப்ரலில் திவால் மனு கொடுத்தது. ஜூலையில் வேர்ல்ட்காமும் விழுந்தது. அதுவரை அமெரிக்கா பார்த்த திவால்களிலேயே பெரியது அதுதான். ஓய்வுக்காலச் சேமிப்பைக் கம்பெனிப் பங்கிலேயே வைத்திருந்த ஊழியர்களின் நிலைமையைச் சொல்லவே வேண்டாம்...

இதே காலத்தில்தான் டெராகிரிட் திட்டம் வந்தது. 2001 ஆகஸ்டில் 5.3 கோடி டாலர் ஒதுக்கீடு. சிகாகோவுக்கும் லாஸ் ஏஞ்சலீஸுக்கும் நடுவே நொடிக்கு 40 கிகாபிட் பாதை. டெராபைட் கணக்கில் 200 நொடி! ஆனால் காகிதத்தில் மட்டும். அனுப்பியது போய்ச் சேர்ந்ததா என்று பதில் வந்த பிறகே அடுத்ததை அனுப்புவது டிசிபியின் பழக்கம். பதில் வராமல் 64 கிலோபைட்டுக்கு மேல் அனுப்பாதே என்பதுதான் பல கம்ப்யூட்டர்களில் இருந்த பழைய அமைப்பு. போய்வர 50 மில்லிசெகண்ட் ஆனால் கிடைப்பது சுமார் 10 மெகாபிட்தான். நெடுஞ்சாலையில் மாட்டு வண்டி! பல இணைப்புகளை ஒரே நேரத்தில் ஓட்டும் கிரிட்எஃப்டிபி போன்ற மென்பொருள்கள் இந்தக் குறையைத் தீர்க்க உதவின.

பாதையை எத்தனை நாள் வாடகைக்கு எடுப்பது? ஒளியே போகாமல் மண்ணுக்கடியில் கிடந்த இழைகளின் விலை அடிமட்டத்துக்கு வந்திருந்தது. 2003-இல் பல்கலைக்கழகங்கள் கூட்டாக நேஷனல் லாம்ப்டாரெயில் என்ற அமைப்பைத் தொடங்கி, அந்த இழைகளுக்கு நீண்டகால உரிமை வாங்கின. முதலில் தயாரான சிகாகோ - பிட்ஸ்பர்க் பாதை, பிட்ஸ்பர்க் சூப்பர் கம்ப்யூட்டர் மையத்தை டெராகிரிட்டோடு சேர்த்தது. இழை விற்றவர்களில் வில்டெல் என்ற பெயரும் உண்டு. திவாலிலிருந்து பெயர் மாற்றி வெளியே வந்த அதே வில்லியம்ஸ் கம்பெனிதான்! பங்குதாரர்கள் இழந்த காசில் விஞ்ஞானிகளுக்குச் சாலை கிடைத்தது என்று சொன்னால் கசப்பாகத்தான் இருக்கும், ஆனால் கணக்குப் புத்தகம் அப்படித்தான் சொல்கிறது.

லாம்ப்டாரெயிலும் 2014-இல் நின்றுபோனது. அமெரிக்க எரிசக்தித் துறையின் ஆய்வகங்களையும் அவற்றின் சூப்பர் கம்ப்யூட்டர்களையும் இணைக்கும் ஈஎஸ்நெட், 2022-இல் தன் ஆறாம் தலைமுறை நெட்வொர்க்கைத் திறந்தது. சுமார் 24,000 கிலோமீட்டர் இழை, மொத்தக் கொள்ளளவு நொடிக்கு 46 டெராபிட். இழை அவர்கள் கட்டுப்பாட்டிலேயே.