மலிவு வீடும் மண்ணின் வரலாறும்



வீடு வாங்கப் போகிறவர் கூரையைப் பார்க்கிறார். சுவரைத் தட்டிப் பார்க்கிறார். தண்ணீர் வருமா, மின்சாரம் உண்டா என்று விசாரிக்கிறார். அந்த வீடு நிற்கும் மண்ணில் முன்பு என்ன இருந்தது என்று கேட்பவர் மிகக் குறைவு. கேட்காமலும் சொல்லாமலும் விட்ட அந்த ஒரு கேள்வியால் நூற்றுக்கணக்கான குடும்பங்கள் பட்ட பாட்டை இன்று காண்போம்.

அமெரிக்காவில், புகழ்பெற்ற நயாகரா நீர்வீழ்ச்சியின் அருகே, அதே பெயர் கொண்ட ஒரு தொழில் நகரம் உள்ளது. 1890களில் வில்லியம் லவ் என்பவர் அங்கே கால்வாய் வெட்டி, நீரின் வலுவால் மின்சாரம் எடுக்கத் திட்டமிட்டார். வேலை பாதியிலேயே நின்றது. ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் நீளப் பள்ளம் மட்டும் மிஞ்சியது. அதற்கு லவ் கால்வாய் என்று பெயர்.

1942 முதல் 1953 வரை ஹூக்கர் என்னும் இரசாயன நிறுவனம் அந்தப் பள்ளத்தில் சுமார் 21,000 டன் கழிவைப் புதைத்தது. பூச்சிமருந்து தயாரிப்பில் மிஞ்சிய நச்சும் அதில் அடக்கம். தோட்டத்தில் மருந்து அடிப்பவர்கள் காலியான மருந்துக் கலனைக்கூடப் பிள்ளைகளின் கைக்கு எட்டாமல் வைப்பார்கள். அங்கேயோ பீப்பாய் பீப்பாயாகப் புதைத்து, மேலே மண்ணைப் போட்டு மூடிவிட்டார்கள்.

1953இல் அந்த நிலம் நகரின் பள்ளிக்கூட வாரியத்துக்கு ஒரே ஒரு டாலருக்கு விற்கப்பட்டது. இரசாயனக் கழிவு புதைக்கப்பட்டிருப்பதாகவும், பின்னால் தீங்கு நேர்ந்தால் தனக்குப் பொறுப்பில்லை என்றும் நிறுவனம் பத்திரத்தில் எழுதிக்கொண்டது. அங்கே பள்ளிக்கூடம் எழும்பியது. சுற்றிலும் வீடுகள் பெருகின. குறைந்த வருமானக்காரர்களுக்கான அரசாங்க வாடகை வீடுகளும் அருகில் இருந்தன. பத்திரத்தில் இருந்த எச்சரிக்கை குடியேறிய பலருக்கும் எட்டவில்லை.

பள்ளத்தின் பக்கங்கள் களிமண். சாக்கடையும் சாலையும் போட்டபோது அந்தக் களிமண் பல இடங்களில் உடைபட்டது. 1970களில் பெய்த பெருமழையும் பனியும் பள்ளத்தை நிரப்பின. தொட்டி நிறைந்து வழிவதுபோல நச்சுநீர் வழிந்து வீடுகளின் நிலவறைக்குள் கசிந்தது. நாற்றம் எழுந்தது; கொல்லையில் செடிகள் கருகின; பிள்ளைகளுக்கு நோய் வந்தது.

1978 ஆகஸ்ட் 2ஆம் நாள் மாநிலச் சுகாதாரத் துறை அவசர நிலையை அறிவித்தது. கர்ப்பிணிகளும் இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளும் வெளியேற வேண்டும் என்றது. மற்றப் பிள்ளைகளின் கதி என்ன என்று தாய்மார்கள் கொதித்தெழுந்தார்கள். அந்தப் பள்ளியில் மகனைப் படிக்கவைத்த லோயிஸ் கிப்ஸ் என்னும் இல்லத்தரசி வீடு வீடாகச் சென்று மக்களைத் திரட்டினார். சில நாட்களில், பள்ளத்துக்கு மிக அருகிலிருந்த 239 குடும்பங்களை இடம் மாற்ற அரசு முன்வந்தது. 1980இல் மேலும் நூற்றுக்கணக்கான குடும்பங்களுக்கு வழி பிறந்தது.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். சொந்த வீட்டுக்காரர்களுக்கு வீட்டின் விலை கிடைத்தது. வாடகைக்கு இருந்தவர்களுக்கு விற்க வீடு ஏது? அவர்களில் பெரும்பாலோர் கறுப்பின மக்கள். எலீன் தார்ன்டன் என்ற அம்மையாரின் தலைமையில் அவர்கள் தனிச் சங்கம் அமைத்து, தங்களையும் கணக்கில் சேர்க்கப் போராட வேண்டியிருந்தது.

1980 டிசம்பரில் நச்சு நிலங்களைத் துப்புரவு செய்ய ஒரு புதிய சட்டம் வந்தது. மாசுபடுத்தியவரே செலவையும் ஏற்க வேண்டும் என்பது அதன் சாரம். 1995இல் ஹூக்கரின் தாய் நிறுவனம் மத்திய அரசுக்கு 12 கோடியே 90 லட்சம் டாலர் தர ஒப்புக்கொண்டது. ஒரு டாலருக்குக் கைமாறிய நிலத்தின் உண்மையான விலை அப்போதுதான் தெரிந்தது.

துப்புரவு எப்படி நடந்தது? நச்சைத் தோண்டி எடுக்கவில்லை. பள்ளத்தைச் சுற்றி வடிகால் அமைத்து, கசியும் நீரை இறைத்துச் சுத்திகரித்தார்கள். மேலே 40 ஏக்கர் பரப்பை மூடி, வேலி போட்டார்கள். அருகிலிருந்த வீடுகளையும் பள்ளியையும் இடித்தார்கள். ஓடைகளிலும் சாக்கடைகளிலும் படிந்த சேற்றை அள்ளினார்கள். சுற்றுப்புறத்தின் ஒரு பகுதி குடியிருக்கத் தகுந்தது என்று 1988இல் முடிவானது. 1990 முதல், கைவிடப்பட்டிருந்த வீடுகளில் 260க்கு மேற்பட்டவை செப்பனிடப்பட்டு, சந்தை விலைக்கும் குறைவாக விற்கப்பட்டன. 2004இல் அந்த இடம் நச்சு நிலப் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது.

ஆனால் புதைந்தது புதைந்தபடியேதான் இருக்கிறது. மூடியைக் காக்க வேண்டும். நீரை இறைத்துக்கொண்டே இருக்க வேண்டும். 2012 முதல், நோய்க்கு அந்த மண்ணே காரணம் என்று புதிதாகக் குடியேறியவர்களும் வழக்குத் தொடுத்தார்கள். ஆகவே, துப்புரவு செய்த நிலம் என்றால் அதை நாளையும் காப்பவர் யார் என்ற கேள்வி கூடவே வருகிறது.

தோட்டத்தைவிட்டுப் பட்டணத்துக்கு மலிவு வீடு தேடிப் போகும் குடும்பங்களுக்கு இந்த வரலாறு பயன்படும். பழைய தொழிற்சாலையோ குப்பைமேடோ இருந்த நிலத்தில் வீடு கட்டக்கூடாது என்பதில்லை; நிலம் குறைந்த நகரங்களில் அது தேவையாகவும் இருக்கிறது. ஆனால் மண்ணைச் சோதித்தார்களா, என்ன இருந்தது, எப்படி அகற்றினார்கள் என்று கையெழுத்திடும் முன் கேளுங்கள். தனியாகக் கேட்டுப் பதில் வராவிட்டால் அக்கம்பக்கத்தாரையும் சேர்த்துக்கொண்டு எழுத்து மூலம் கேளுங்கள். வாடகைக்குப் போகிறவர்களுக்கும் அந்த உரிமை உண்டு. அவர்கள் பிள்ளைகளும் அதே மண்ணில்தான் விளையாடப் போகிறார்கள்.