மராமத்து யார் கணக்கு?

புரட்டாசி முடியறதுக்குள்ள வருஷா வருஷம் நான் செய்யற வேலை ஒண்ணு உண்டு. மன்னார்குடி போய் எங்க கடை மேல ஏறுவேன். தண்ணி இறங்கற குழாய்கள்ல அடைச்ச சருகை எடுக்கணும். கைப்பிடிச் சுவர் இடுக்குல முளைச்ச அரசங்கன்னை வேரோட பிடுங்கணும். போன வாரமும் போயிட்டு வந்தேன். வயக்காட்டுக்காரனுக்கு டவுன்ல என்ன கடைன்னு கேக்கறவங்களுக்காக இந்தக் கதை. இது எங்க குடும்பக் கதை மட்டும் இல்ல. உங்க தாத்தா காலத்துக் கடையோ வீடோ ஊர்ல வாடகைக்கு இருந்தா, இதுல பாதி உங்க கதையும்தான்.

1958ல் எங்க தாத்தா, ஊரைவிட்டுப் போன ஒரு குடும்பத்துக்கிட்ட மூணு கடை வாங்கினார். பாட்டி நகை, நெல்லு வித்த காசு, கொஞ்சம் கடன். வாங்கும்போதே மூணுலயும் ஆள் இருந்தாங்க: ஒரு மளிகை, ஒரு வாடகை சைக்கிள் கடை, ஒரு தையல்கடை. கடையை மட்டும் வாங்கல, குடியிருக்கறவங்களையும் சேர்த்து வாங்கினேன்னு தாத்தா சொல்லுவாராம். ஒரு கடைக்கு மாசம் 15 ரூபாய். ஒரு துண்டுச்சீட்டு எழுத்து கிடையாது.

அதே தாத்தா ஊர்ல குத்தகைதாரர். ஒரு மிராசுதார் நிலம் ஒன்பது மா, அதாவது மூணு ஏக்கர், அவர்தான் உழுதார். வயல்ல குடி, கடைத்தெருவுல முதலாளி. ரெண்டு பக்கமும் சட்டம் வந்தது. ஒரு பக்கம் எங்களைக் காப்பாத்துச்சு. இன்னொரு பக்கம் எங்ககிட்டேயிருந்து இன்னொருத்தரைக் காப்பாத்துச்சு. எங்க வீட்ல முதல் சட்டத்தைக் கும்பிட்டோம், ரெண்டாவதைத் திட்டினோம். இந்த ரெட்டை நாக்கை நான் புரிஞ்சுக்க ரொம்ப வருஷம் ஆச்சு.

வயல் சட்டத்தைப் பாத்துடுவோம். தஞ்சாவூர் ஜில்லாவுல நிலத்தைவிட்டு வெளியேத்தறது தினசரி வழக்கமா இருந்த காலம். 1952ல் தஞ்சைக் குத்தகைதாரர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1955ல் மாகாணம் முழுக்க சாகுபடிக் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம். 1956ல் நியாயக் குத்தகைச் சட்டம்: நஞ்சையில விளைச்சல்ல நூத்துக்கு 40 நிலக்காரருக்கு. 1980ல் அது 25 ஆச்சு. நடுவுல 1969ல் குத்தகை உரிமைப் பதிவேட்டுச் சட்டம். யார் உழறாங்கன்னு அரசாங்க ஏட்டுல பேர் ஏறுச்சு. எங்க தாத்தா பேரும் ஏறுச்சு. அன்னிக்கு வீட்ல பாயசம் வெச்சாங்களாம்.

கடை வாடகைச் சட்டத்துக்கு வேர் வேற. அது யுத்தத்துல பிறந்தது. 1941ல் இந்தியப் பாதுகாப்பு விதிகளின் கீழ சென்னை மாகாணத்துல வீட்டு வாடகைக் கட்டுப்பாட்டு ஆணை போட்டாங்க. 1942ல் கடை, கிடங்கு மாதிரி குடியிருப்பு அல்லாத கட்டடங்களுக்கும் ஆணை வந்தது. அந்த ஏப்ரல்லதான் ஜப்பான்காரன் வரான்னு பயந்து சென்னையே காலியாகி, ஜனங்க உள்நாட்டு ஊர்களுக்குக் கிளம்பினாங்க. அந்த மாதிரி நேரத்துல இருக்கறவன் கேக்கறதுதான் வாடகை. ஆணை நியாயமானது, அதுல சந்தேகம் இல்ல.

யுத்தம் 1945ல் முடிஞ்சுது, கட்டுப்பாடு முடியல. 1946ல் சட்டம், 1949ல் வேற சட்டம், கடைசியா 1960ல் கட்டடங்கள் குத்தகை மற்றும் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம். சென்னை, மதுரை நகரங்களுக்கும் நகராட்சிகளுக்கும் அது பொருந்தும். மன்னார்குடி நகராட்சி, அதனால எங்க மூணு கடையும் அதுக்குள்ள. காலம் முடிஞ்சுது, காலி பண்ணுன்னு சொல்ல முடியாது. வேணும்னே வாடகை பாக்கி வெக்கறது, உள்வாடகைக்கு விடறது, கட்டடத்தைக் கெடுக்கறது, சொந்த உபயோகம், இடிச்சுக் கட்டறது மாதிரி குறிப்பிட்ட காரணங்களுக்குத்தான் மனு போடலாம். மனு, அப்பீல், ஹைகோர்ட்டு சீராய்வுன்னு போனா தலைமுறை தாண்டும்.

எங்க அப்பா 1983ல் மனு போட்டார். அண்ணனுக்கு உரக்கடை வெக்க தையல்கடை வேணும்னு. அப்ப வாடகை 75 ரூபாய். சொந்த உபயோகம்னா குடும்பம் ஏற்கனவே நடத்தற தொழிலுக்கு வேணும், இனிமே தொடங்கப்போற தொழிலுக்கு இல்லன்னு தள்ளுபடி. அப்பீலும் போச்சு. எட்டு வருஷம். அந்த எட்டு வருஷமும் அப்பா வாடகையைக் கையால வாங்கல. வாங்காம விட்டா பாக்கி ஆகும், அதுவே காரணம் ஆகும்னு யாரோ சொல்லிக்கொடுத்த யோசனை. சட்டம் அதுக்கும் வழி வெச்சிருந்தது. வாங்க மறுத்தா எந்த பேங்க்ல கட்டணும்னு எழுத்துல கேக்கலாம். பதில் இல்லன்னா மணியார்டர் அனுப்பலாம். அதையும் திருப்பினா வாடகைக் கட்டுப்பாட்டு அலுவலர்கிட்ட கட்டலாம். தையல்காரர் மாசாமாசம் மணியார்டர் போட்டார். அப்பா மாசாமாசம் திருப்பி அனுப்பினார். தபால்காரர்தான் பாவம்.

கேஸ் தோத்த பிறகு அப்பா ஒரு காரியம் செஞ்சார். இத எழுதணுமான்னு யோசிச்சுட்டுதான் எழுதறேன். மராமத்தை நிறுத்திட்டார்.

கடை பழைய மெட்ராஸ் டெரஸ் கட்டடம். தேக்கு விட்டம், அதுக்கு மேல சின்னச் செங்கல்லைச் சாய்ச்சு நிறுத்தி சுண்ணாம்புல கட்டினது, மேல ஜல்லியும் சுண்ணாம்பும் இடிச்ச தளம். பாத்துக்கிட்டா நூறு வருஷம் நிக்கும், பாக்காம விட்டா பத்து மழையில விட்டம் உளுத்துடும். அப்பாவுக்கு அது நல்லாத் தெரியும். “தானா விழட்டும், அப்பறம் யாரு இருப்பா?” இதுதான் அவர் கணக்கு.

இந்தக் கணக்கு எங்க அப்பாவோட மட்டும் இல்ல. தமிழ்நாட்டுப் பழைய கடைத்தெரு எதுல வேணா நடந்து பாருங்க. கீழ கண்ணாடி போட்டு, லைட்டு போட்டு பளபளன்னு கடை. அண்ணாந்து பாத்தா காரை பேந்து, அரசமரம் முளைச்ச மாடி. வாடகை நின்ன இடத்துல மராமத்தும் நின்னுடும். குடியிருக்கறவர் தன் பங்குக்கு உள்ள மட்டும் அழகு பண்ணிக்குவார், கூரை அவருது இல்ல.

சட்டத்துல வழியே இல்லன்னும் சொல்ல முடியாது. 1973 திருத்தத்துக்குப் பிறகு கடைக்கு நியாய வாடகைன்னா மனையும் கட்டடமும் சேர்ந்த மதிப்புல வருஷத்துக்கு நூத்துக்கு 12. அப்பா அதுக்கு மனு போட்டிருக்கலாம், போடல. அவருக்கு வாடகை வேணாம், கடைதான் வேணும். தையல்காரருக்கும் வழி இருந்தது. சொந்தக்காரர் மராமத்து பண்ணலன்னா, அலுவலர் உத்தரவு வாங்கித் தானே பண்ணி வாடகையில கழிச்சுக்கலாம். கொத்தனார் சொன்ன மதிப்பு 6,000 ரூபாய். 75 ரூபாய் வாடகையில கழிக்க ஆறு வருஷம் எட்டு மாசம். அவரும் பண்ணல. தார்ப்பாய் கட்டிக்கிட்டார்.

2005 ஐப்பசி மழையில ஒரு செங்கல் விழுந்தது. மெஷின்ல உக்காந்து காஜா எடுத்துக்கிட்டிருந்த பையன் தோள்பட்டையில. பதினேழு வயசு. எலும்பு முறிவு. அப்பா ஆஸ்பத்திரிக்குப் போய்ச் செலவைக் கட்டினார். திரும்பி வந்து ரெண்டு நாள் யார்கிட்டயும் பேசல. அப்பறம் ஆள் விட்டு மேல சிமெண்டு பூசினார். சுண்ணாம்புத் தளத்துக்கு மேல சிமெண்டு பூசினா வெடிக்கும், உள்ள போன தண்ணி வெளிய வராது, விட்டம் இன்னும் சீக்கிரம் போகும். அதுதான் நடந்தது.

மராமத்துங்கறது அரபு மொழியிலேர்ந்து வந்த சொல். ஆனா அது எங்க ஊர் வாய்க்காலோட ஒட்டிக்கிச்சு: குடிமராமத்து. தண்ணி வர்றதுக்கு முன்ன வாய்க்காலைத் தூர்வார வீட்டுக்கு ஆள், நிலத்துக்கு ஏத்த ஆள். வெள்ளைக்காரன் 1858ல் போட்ட கட்டாய உழைப்புச் சட்டத்துல இந்த வழக்கத்தையும் சேர்த்து, வராதவங்ககிட்ட பணமா வசூலிக்க வழி பண்ணினான். சட்டம் வந்ததால வழக்கம் பிழைக்கல, நாளாவட்டத்துல தேஞ்சுது. ஆனா என் சின்ன வயசுல அப்பா மண்வெட்டியோட வாய்க்கால்ல இறங்கறதைப் பாத்திருக்கேன். மிராசுதார் நிலம், பொதுப்பணித்துறை வாய்க்கால். ரெண்டும் அவருது இல்ல. ஆனா தண்ணி அவர் பயிருக்கு வரணும். ஏட்டுல பேர் இருக்கு, நாளைக்கும் நான்தான் உழுவேன்னு நம்பிக்கை இருக்கு. அதனால இறங்கினார். அதே மனுஷன் தன் பேர்ல இருந்த கடைக்கூரையில ஏறல.

அப்பா 2011ல் போயிட்டார். நான் வாடகையை 500 ஆக்கினேன், அதுக்கு மேல எதையும் தொடல. 2018 நவம்பர் 16 விடியக்காலை கஜா புயல். ஊர்ல தென்னை அத்தனையும் சாஞ்சு கிடந்தது, கரண்ட் இல்ல, போன் இல்ல. நாலாம் நாள்தான் டவுனுக்குப் போக முடிஞ்சுது. தையல்கடை தளம் பாதி உள்ள இறங்கியிருந்தது. ராத்திரி நேரம், யாரும் இல்ல.

தையல்காரர் வாசல்ல உக்காந்திருந்தார். அவர் அப்பா காலத்துக் கடை, அவருக்கே எழுபது தாண்டிடுச்சு. மடியில ஒரு தகரப் பெட்டி. தெறந்து காட்டினார். எட்டு வருஷத்து மணியார்டர் ரசீது, வருஷ வாரியா நூல் போட்டுக் கட்டினது.

“இதான் தம்பி எங்கிட்ட இருக்கற பத்திரம். ஒங்க அப்பா நான் இங்க இருக்கேன்னு ஒருநாளும் எழுதித் தரல. தபாலாபீஸ்தான் எழுதித் தந்துச்சு.”

“அண்ணே, இப்ப என்ன பண்ணலாம்? நீங்களே சொல்லுங்க” என்றேன்.

“கூரையப் போடு. வாடகைய ஏத்திக்க. எழுதிக் குடு.”

மூணு மாசத்துல, 2019 பிப்ரவரி 22ல், 1960 சட்டம் போய் புதுசு நடைமுறைக்கு வந்தது: 2017ல் நிறைவேத்தின நில உரிமையாளர், வாடகைதாரர் உரிமைகள் பொறுப்புகள் சட்டம். 1941ல் யுத்தத்துக்குன்னு போட்ட கட்டுப்பாடு 78 வருஷம் ஓடி நின்னுச்சு. இனி வாடகை ரெண்டு பேர் பேசி எழுதறது. எழுத்து கட்டாயம், வாடகை அதிகாரிகிட்ட பதியணும். வேற மாதிரி பேசிக்கலன்னா அட்வான்ஸ் மூணு மாச வாடகைக்கு மேல கூடாது. எந்த மராமத்து யார் பொறுப்புன்னு சட்டத்தோட பின்னாலயே பட்டியல் இருக்கு. கட்டுமானம், வெள்ளையடிப்பு, தண்ணிக் குழாய் மாத்தறது, ஒயரிங் சொந்தக்காரர் தலையில. குழாய் வாஷர், சுவிட்ச், பூட்டு, சாக்கடை அடைப்பு குடியிருக்கறவர் தலையில. வயல்ல 1969ல் ஏறின ஏடு, கடைத்தெருவுக்கு வர ஐம்பது வருஷம் ஆயிருக்கு.

புதுச் சட்டத்துல எழுத்து இல்லன்னா அதையே சொல்லிக் காலி பண்ணச் சொல்லலாம். ரெண்டு பேர் எங்கிட்ட வந்து அதைத்தான் சொன்னாங்க: “இழுத்தடி, எழுதாத, தானா போவான்.” அப்பாவோட கணக்கேதான், சட்டம் மட்டும் வேற. தென்னை போன வருஷம், பணம் முடை. ஆசை வரலன்னு சொன்னா பொய்.

எழுதினோம். தையல்கடைக்கு புதுசா கான்கிரீட். மத்த ரெண்டு கடைக்கும் சிமெண்டை வெட்டி எடுத்துட்டு, சுண்ணாம்பு தெரிஞ்ச கொத்தனாரை வெச்சு பழைய தளத்தைச் சரி பண்ணினோம். வாடகை 2,500. பட்டியல்ல நாங்களா ஒரு வரி சேத்தோம்: ஐப்பசிக்கு முன்ன ஒருநாள் சொந்தக்காரரும் மூணு கடை ஆளுங்களும் சேர்ந்து மேல ஏறிச் சுத்தம் பண்ணணும்.

போன வாரம் ஏறினது அதுக்குத்தான். மளிகைக்கடைப் பையன் வாளி தூக்கினான். சைக்கிள் கடை இப்ப செல்போன் கடை, அந்தத் தம்பி அரசங்கன்னு பிடுங்கினார். தையல்காரரால ஏணி ஏற முடியாது. கீழ நின்னுக்கிட்டு, “மூலைக் குழாயைப் பாரு தம்பி, அதுலதான் அடைக்கும்”னு சத்தம் போட்டுக்கிட்டிருந்தார். அவர் சொன்ன மாதிரியே அதுலதான் அடைச்சிருந்தது.