நாலாவது கால்

ஆடி பிறந்தால் வில்லியனூர்ப் பக்கம் சில வீடுகளில் சூட்கேஸ் உருளும் சத்தம் கேட்க ஆரம்பிக்கும். பிரான்சில் அப்போது கோடை விடுமுறை. பெரியப்பாக்களும் அத்தைகளும், தமிழில் ஆரம்பித்துப் பிரெஞ்சில் முடிக்கிற அவங்க பிள்ளைகளும் வந்து இறங்குவார்கள். 90-களில் அப்படி ஓர் ஆடியில், என் ஒன்றுவிட்ட அண்ணன் ஒரு சாம்பல் நிறப் பெட்டியைக் கொண்டுவந்தான். நிண்டெண்டோ. எங்கள் தெருவில் ஒருத்தரும் பார்த்திராத அசல்.

அதை வைத்து ஒரு நாள்கூட விளையாடவில்லை. எங்கள் வீட்டு டிவியில் அதைச் செருக இடமே இல்லை. அண்ணன் ஊருக்குத் திரும்பும்போது, "நீயே வச்சுக்கோ" என்று விட்டுட்டுப் போனான். பெட்டி பரணுக்குப் போச்சு. போன வருஷம் வீட்டை இடித்துக் கட்டும்போதுதான் மறுபடி கீழே வந்தது.

இந்தக் கட்டுரை அந்தப் பெட்டியைத் திறந்து, அதற்குள்ளிருந்த ஒரு சிப்பின் நாலாவது காலை வெட்டிய கதை. அந்தக் கால் எதுக்காக அங்கே இருந்தது என்று தேடிப் போனால், அது கடைசியில் எங்க ஊர் வழியாகவே சுத்திக்கிட்டு வந்து நிற்கிறது.

*

முதலில் சிப். 1983 ஜூலை 15 அன்று ஜப்பானில் நிண்டெண்டோ 'ஃபேமிகாம்' என்ற கருவியை வெளியிட்டது. சிவப்பும் வெள்ளையுமான பெட்டி. 60 முனை கொண்ட கேசட் (கார்ட்ரிட்ஜ் என்று யாரும் சொன்னதில்லை, நமக்கு அது கேசட்தான்). அதில் பூட்டு எதுவும் கிடையாது. யார் செய்த கேசட்டும் ஓடும்.

அதே வருஷம் அமெரிக்காவில் வீடியோ கேம் சந்தை சரிந்து விழுந்தது. ஆளாளுக்குக் கேசட் அடித்துத் தள்ளியதில் கடைகள் நிரம்பி, வாங்க ஆளில்லாமல் போனது. இந்தச் சரிவுக்கு நடுவில் தன் கருவியைக் கொண்டுபோக வேண்டிய நிண்டெண்டோ, 1985-இல் அமெரிக்காவில் இறக்கும்போது அதன் உருவத்தை மாற்றியது. சாம்பல் பெட்டி, 72 முனை, உள்ளே ஒரு பூட்டுச் சிப். அந்தச் சிப்பில் ஓடும் நிரலுக்கு '10என்இஎஸ்' என்று பெயர். காப்புரிமையில் கண்டுபிடித்தவராக இருக்கும் பெயர் கத்சுயா நகாகவா.

வேலை செய்யும் விதம் எளிமையானது. பெட்டிக்குள் ஒரு சிப், அது பூட்டு. ஒவ்வொரு கேசட்டுக்குள்ளும் அதே மாதிரி இன்னொரு சிப், அது சாவி. கருவியைப் போட்டதும் இரண்டும் ஒரே கணக்கை ஒரே வேகத்தில் போட ஆரம்பிக்கும். விடைகளை ஒன்றுக்கொன்று அனுப்பிக்கொண்டே இருக்கும். விடைகள் ஒத்துப்போகும் வரை விளையாட்டு ஓடும். ஒரு தடவை பிசகினாலும் போதும், பூட்டுச் சிப் மொத்தக் கருவியையும் ரீசெட் செய்துவிடும். மறுபடி ஆரம்பிக்கும், மறுபடி பிசகும். முன்னால் இருக்கும் சிவப்பு விளக்கு நொடிக்கு ஒரு தடவை மாதிரி சிமிட்டிக்கொண்டே இருக்கும். கேசட்டை எடுத்து ஊதிப் போடும் பழக்கம் உலகம் முழுக்கப் பரவியதில் இந்தச் சிமிட்டலுக்கும் பங்கு உண்டு. முனைகள் சரியாக ஒட்டாவிட்டாலும் இரண்டு சிப்பும் பேசிக்கொள்ள முடியாது, இல்லையா?

தரமற்ற கேசட்டுகளைத் தடுக்க என்பதுதான் சொல்லப்பட்ட காரணம். அதில் உண்மையும் இருந்தது. ஆனால் சாவி நிண்டெண்டோவிடம் மட்டும் இருந்ததால், அமெரிக்காவில் ஒரு நிறுவனம் வருஷத்துக்கு 5 விளையாட்டுக்கு மேல் வெளியிடக் கூடாது என்று நிபந்தனை போடவும் அதனால் முடிந்தது. அடுத்து வந்ததுதான் நமக்கு முக்கியம். சிப்பை நாட்டுக்கு நாடு மாற்றினார்கள். அமெரிக்காவுக்கு 3193. ஹாங்காங் பக்கம் 3196. பிரான்ஸ், ஜெர்மனி போன்ற நாடுகளுக்கு 3195. பிரிட்டன், இத்தாலி, ஆஸ்திரேலியாவுக்கு 3197. எண் வேறென்றால் கணக்கும் வேறு. லண்டன் கடையில் காசு கொடுத்து வாங்கிய அசல் கேசட், பாரிஸ் வீட்டில் விளக்கைச் சிமிட்டிக்கொண்டு நிற்கும். "நீ அசலா?" என்ற கேள்வியோடு "நீ எந்த ஊர்?" என்ற கேள்வியும் சேர்ந்துகொண்டது.

*

பிரிட்டனுக்கு ஒரு எண், பிரான்சுக்கு ஒரு எண் என்று படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. இந்த இரண்டு பேரும் கோடு போட்டுப் பிரித்த ஊரில்தானே உட்கார்ந்து படித்துக்கொண்டிருக்கிறேன்!

1783 செப்டம்பர் 3. ஃபேமிகாம் வெளிவருவதற்குக் கிட்டத்தட்ட 200 வருஷம் முன்னால். அன்று வெர்சாயில் பிரிட்டனும் பிரான்சும் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தில், பாண்டிச்சேரியைச் சுற்றி அதற்குச் சொந்தமாக இருக்கும்படி இரண்டு மாவட்டங்களைப் பெற்றுத்தர பிரிட்டன் மன்னர் ஒத்துக்கொள்கிறார். அந்த இரண்டு: வில்லியனூர், பாகூர். ஏரியும் நெல்வயலுமாகக் கிடந்த ரெண்டு ஊர், யாரையும் கேட்காமல் ஓர் ஐரோப்பிய ஒப்பந்தத்துக்குள் போய் உட்கார்ந்தன. 1793-இல் ஆங்கிலேயர் பாண்டிச்சேரியைப் பிடித்தார்கள், 1816-இல் திருப்பிக் கொடுத்தார்கள். கோடு அழிந்து அழிந்து திரும்ப வந்தது.

அந்தக் கோட்டை இன்றைக்கும் பார்க்கலாம். புதுச்சேரி ஒரே துண்டாக இல்லை. தமிழ்நாட்டு வயல்களுக்கு நடுவே தீவு தீவாகக் கிடக்கிறது. கடலூர் சாலையில் ரெட்டிச்சாவடி தமிழ்நாடு. கன்னியக்கோயில் புதுச்சேரி, பாகூர் கொம்யூன். ஒரே மண், ஒரே தண்ணீர். சாராயத்தின் விலை மட்டும் வேறு. 'கொம்யூன் பஞ்சாயத்து' என்று பிரெஞ்சுச் சொல்லையும் தமிழ்ச் சொல்லையும் ஒட்டவைத்த பலகையை வெளியூர்க்காரர்கள் நின்று படிப்பார்கள். நாங்கள் கவனிப்பதுகூட இல்லை.

வில்லியனூர்க் கொம்யூனைச் சேர்ந்த கீழூரில்தான் 1954 அக்டோபர் 18 அன்று மக்கள் பிரதிநிதிகள் கூடி வாக்களித்தார்கள். 178 பேரில் 170 பேர் இந்தியாவோடு சேர வேண்டும் என்றார்கள். நவம்பர் 1-இல் நிர்வாகம் கைமாறியது. சட்டப்படி முழுமையாக மாற 1962 ஆகஸ்ட் 16 வரை ஆனது. அன்றைக்கு நடைமுறைக்கு வந்த ஒப்பந்தத்தில் ஒரு சின்ன வாசல் இருந்தது. இங்கே பிறந்து இங்கே வாழ்ந்தவர்கள் இந்தியக் குடிமக்கள் ஆவார்கள். பிரெஞ்சுக் குடியுரிமைதான் வேண்டும் என்பவர்கள் 6 மாதத்துக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும்.

என் தாத்தாவின் அண்ணன் சொல்தா. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இந்தோசீனா வரை போனவர். எழுதிக் கொடுத்தார். தாத்தாவுக்கு ரெண்டு காணி நிலம், மாடு, அறுவடை. எழுதிக் கொடுக்கவில்லை. "அண்ணன் போறான்னு நானும் போவணுமா?" என்று கேட்டாராம். அவ்வளவுதான். ஒரு வீட்டுப் பிள்ளைகள் இரண்டு நாட்டுக்காரர்கள் ஆனார்கள். 6 மாதம் கழித்து அந்த வாசல் சாத்தப்பட்டது. பரணில் கிடந்த பெட்டி அந்த அண்ணனின் பேரனுடையது.

*

எங்கள் பக்கத்துக் குழந்தைகள் வீடியோ கேம் விளையாடாமல் இல்லை. நன்றாகவே விளையாடினோம். அப்போது இந்தியாவில் நுகர்பொருள் இறக்குமதிக்கு ஏகப்பட்ட கட்டுப்பாடு. கடைசிக் கட்டுப்பாடுகள் விலகவே 2001 ஏப்ரல் ஆனது. அசல் பெட்டி கடைக்கு வந்து நாங்கள் பார்த்ததில்லை. கிடைத்தவை ஃபேமிகாமின் நகல்கள். ஜப்பானியப் பெட்டியைப் பார்த்துச் செய்தவை என்பதால் அவற்றில் 60 முனைதான், பூட்டு கிடையாது. திருவிழாக் கடையில் வாங்கிய கேசட்டில் '9999999 இன் 1' என்று போட்டிருக்கும். திறந்தால் அதே அஞ்சாறு விளையாட்டு திரும்பத் திரும்ப வரும். கான்ட்ராவும் மரியோவும் எங்களுக்கு அப்படித்தான் வந்து சேர்ந்தன.

இதில் பெருமைப்பட எதுவும் இல்லை. அந்தக் கேசட்டுகள் திருட்டு நகல்கள். விளையாட்டை எழுதியவர்களுக்கு அதிலிருந்து ஒரு பைசா போகவில்லை. ஆனால் காசு கொடுத்து வாங்கவும் எங்களுக்கு ஒரு வழி வைக்கவில்லை. விற்பவர்களின் வரைபடத்தில் இல்லாத ஊருக்குப் பூட்டும் வராது, சாவியும் வராது.

அண்ணனின் பெட்டிக்கு நேர் எதிர்ப் பிரச்சினை. அதில் மூன்று பூட்டு. முதலாவது டிவி. பிரான்சில் ஒளிபரப்பு செகாம் முறை, இங்கே பால் முறை. அதனால் பிரெஞ்சு நிண்டெண்டோ மட்டும் ஸ்கார்ட் என்ற அகலமான செருகி வழியாக நிறங்களைத் தனித்தனியாக அனுப்பும். எங்கள் டிவியில் அந்தத் துளை கிடையாது. இரண்டாவது, எங்கள் 60 முனைக் கேசட் அதன் 72 முனை வாயில் நுழையாது. மூன்றாவது, 3195.

முதல் இரண்டையும் இன்றைக்குக் காசு தீர்த்துவிடும். ஸ்கார்ட்டை எச்டிஎம்ஐ ஆக்க ஒரு சின்னப் பெட்டி, 60-ஐ 72 ஆக்க ஒரு அடாப்டர். இரண்டையும் வாங்கி, பழைய கேசட்டைச் செருகிப் பட்டனை அழுத்தினேன். சிவப்பு விளக்கு சிமிட்ட ஆரம்பித்தது. 30 வருஷம் பரணில் கிடந்தும் அந்தச் சிப் தன் கேள்வியை மறக்கவில்லை.

*

இந்தக் கேள்விக்கு எதிராகப் பெரிய நிறுவனங்களே போராடியிருக்கின்றன. சிலர் கேசட்டிலிருந்து தாறுமாறான மின்னழுத்தத்தை அனுப்பிப் பூட்டுச் சிப்பை ஸ்தம்பிக்க வைத்தார்கள். அடாரி கேம்ஸ் நிறுவனம் 'டெங்கன்' என்ற பெயரில் விற்ற கேசட்டுகளுக்காகத் தானே ஒரு சாவிச் சிப் செய்தது, பெயர் 'ராபிட்'. ஆனால் வந்த வழி கோணல். வழக்குக்குத் தேவை என்று பொய் சொல்லி அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகத்திலிருந்து நிண்டெண்டோவின் நிரலை வாங்கியிருந்தார்கள். 1992-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் இரண்டு விஷயம் சொன்னது. ஒரு பொருள் எப்படி வேலை செய்கிறது என்று புரிந்துகொள்ள அதைப் பிரித்துப் பார்ப்பது நியாயமான பயன்பாடாக இருக்கலாம். ஆனால் பொய் சொல்லி வாங்கியவருக்கு அந்த நியாயம் பொருந்தாது.

நம் சட்டமும் நோக்கத்தைத்தான் கேட்கிறது. 2012-இல் பதிப்புரிமைச் சட்டத்தில் சேர்த்த 65ஏ பிரிவு, உரிமையை மீறும் நோக்கத்தோடு பூட்டை உடைப்பதைக் குற்றம் என்கிறது.

வீட்டில் செய்பவர்கள் கண்டுபிடித்த வழிக்கு வழக்கறிஞர் தேவைப்படவில்லை. பூட்டும் சாவியும் ஒரே சிப்தான் என்றேனே, அப்படியென்றால் தான் பூட்டா சாவியா என்று அதற்கு எப்படித் தெரியும்? நாலாவது காலில் 5 வோல்ட் இருந்தால் அது பூட்டு. இல்லாவிட்டால் சாவி. சாவிக்கு யாரையும் ரீசெட் செய்யும் அதிகாரம் இல்லை.

வில்லியனூரில் செல்போன் பழுது பார்க்கும் அண்ணன் ஒருவர் கடையில் உட்கார்ந்து செய்தோம். அடிப்பக்கத்தில் 6 திருகு. உள்ளே தகரக் கவசம். அதைக் கழற்றினால் பலகை. 3195 என்று எழுதிய 16 கால் சிப்.

"எந்தக் கால்பா?"

"நாலாவதுண்ணே."

"வெட்டிட்டா திரும்ப வராது. பாத்துக்கோ."

பல்லாயிரம் கிலோமீட்டர் தள்ளி, ஒரு அலுவலகத்தில் எழுதிய விதி அந்த நூலளவு உலோகத்தில் நின்றுகொண்டிருந்தது. அவர் அதை வெட்டி, மெல்ல நிமிர்த்தி, சாலிடர் வைத்து கிரவுண்டோடு இணைத்தார். 5 நிமிஷம்கூட ஆகவில்லை. பட்டனை அழுத்தினோம். விளக்கு சிமிட்டவில்லை. நின்று எரிந்தது.

*

ஒரு ஏமாற்றமும் இருந்தது. கான்ட்ரா ஓடியது, ஆனால் பாட்டு கனத்துப் போயிருந்தது. ஜப்பான், அமெரிக்கக் கருவிகளின் செயலி நொடிக்குச் சுமார் 17.9 லட்சம் துடிப்பில் ஓடும். ஐரோப்பியக் கருவியில் 16.6 லட்சம். அதனால் சுருதி அரைக்கட்டைக்கும் கொஞ்சம் மேலேயே இறங்கிவிடுகிறது. திரையும் 60 தடவைக்குப் பதில் நொடிக்கு 50 தடவைதான் புதுப்பிக்கப்படுகிறது. நம்மூர் மாதிரியான பால் டிவிக்கென்று செய்த நகல் பெட்டிகள் பலவற்றில் திரை அதே 50-தான், ஆனால் செயலியை 17.7 லட்சம் என்று வைத்துச் சுருதியைக் காப்பாற்றியிருந்தார்கள். எங்கள் காதில் தங்கியிருக்கும் பாட்டு நகல் பெட்டியின் பாட்டு. பூட்டைத் திறந்தாலும் பெட்டி பிரெஞ்சுக்காரனாகவேதான் இருந்தது.

1993-இல் நிண்டெண்டோவே அமெரிக்காவில் வெளியிட்ட சின்ன மாடலில் இந்தப் பூட்டை எடுத்துவிட்டது. அவசியம் என்று சொல்லப்பட்ட ஒன்று, எட்டே வருஷத்தில் அவசியமில்லாமல் போனது.

இரவு அண்ணனை வீடியோ காலில் கூப்பிட்டுக் காட்டினேன். முதலில் பெட்டியை அடையாளம் தெரியவில்லை. அப்புறம் கேசட்டைப் பார்த்துட்டுச் சிரித்தான்.

"அன்னிக்கு நீங்கல்லாம் உங்க பெட்டியில ஆடுனீங்க. எனக்கு அந்த கேசட்டு பத்தி ஒண்ணும் தெரியாது. பேசாம பாத்துக்கிட்டு உக்காந்திருந்தேன்" என்றான்.

எனக்கு அது நினைவே இல்லை. அசல் பெட்டி வைத்திருந்தவன் அவன், பொறாமைப்பட்டது நாங்கள் என்றுதான் இத்தனை வருஷம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

நான் அங்கே போக விசா வேண்டும். அவன் இங்கே வரவும் ஏதோ ஒரு தாள் வேண்டும். அந்தக் காலை வெட்ட எந்தக் கடையிலும் ஆளில்லை. அடுத்த ஆடிக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறான். இரண்டாவது கன்ட்ரோலரைத் துடைத்து வைத்திருக்கிறேன்.