காவலர்களுக்கும் தீயணைப்பு வீரர்களுக்கும் போதகராதல் (அமெரிக்கா)

காவல் துறையிலும் தீயணைப்புத் துறையிலும் வேலை பார்ப்பவர்களுக்கும் அவர்கள் குடும்பத்தாருக்கும் ஆன்மிகத் துணையாக இருக்கும் சமயப் பணியாளரை அமெரிக்காவில் சாப்ளின் என்பார்கள். தமிழில் துறைப் போதகர் எனலாம். கிறிஸ்தவ ஆயர்களே இவர்களில் மிகுதி என்றாலும் யூத ரபிகளும் இமாம்களும் உண்டு. நியூயார்க் காவல் துறை தன் முதல் முஸ்லிம் போதகராக இமாம் இசாக்-எல் பாஷாவை 1999இல் நியமித்தது. பெரும்பாலோர் சம்பளம் வாங்காத தொண்டர்கள். சொந்தச் சபையைக் கவனித்துக்கொண்டே இதையும் செய்கிறவர்கள். காவல் போதகர்களுக்கான சர்வதேச அமைப்பு 1973இலும் தீயணைப்புப் போதகர்களின் கூட்டமைப்பு 1978இலும் உருவாயின. அடிபட்டவரை மருத்துவமனையில் பார்ப்பது, இறந்தவரை அடக்கம் செய்வது, புதியவர்களின் பதவியேற்பில் ஜெபிப்பது, இறப்புச் செய்தியை வீட்டுக்குக் கொண்டுபோவது, மணவாழ்க்கை உடையும் நேரத்தில் இருவர் பேச்சையும் கேட்பது எல்லாம் இவர்கள் வேலை. ஆனால் இப்பணியின் மதிப்பு முழுவதும் ஒரே அடிப்படையில் நிற்கிறது: துறைக்குள் போதகருக்கு எந்த அதிகாரமும் இருக்கக் கூடாது. ஒருவரைப் பணியிலிருந்து நிறுத்தவோ, பதவி உயர்வைத் தடுக்கவோ, அவரைப் பற்றி மேலிடத்துக்கு எழுதவோ போதகரால் முடியக் கூடாது. இப்பணிக்கு வர விரும்புபவருக்குத் தரப்படும் பயிற்சியும் விதிக்கப்படும் நிபந்தனையும் இந்த அதிகாரமின்மையைக் காக்கிறதா, கெடுக்கிறதா என்பதே எல்லாவற்றிலும் முக்கியமான கேள்வி.

தேவையின் அளவைச் சில எண்கள் காட்டும். ரூடர்மன் குடும்ப அறக்கட்டளை 2018இல் வெளியிட்ட ஆய்வறிக்கையின்படி, 2017இல் அமெரிக்காவில் 103 தீயணைப்பு வீரர்கள் தற்கொலை செய்துகொண்டார்கள். பணியின்போது இறந்தவர்கள் 93 பேர். காவலர்களில் தற்கொலை 140, பணியின்போது இறப்பு 129. இவை வெளியே தெரியவந்தவை மட்டுமே. தீயையும் துப்பாக்கிக் குண்டையும்விட உள்ளே கிடக்கும் பாரமே அதிகம் பேரைக் கொன்றிருக்கிறது. அப்படியானால் உளவியல் நிபுணரிடம் போகலாமே என்று கேட்கத் தோன்றும். போகிறவர்கள் போகிறார்கள், போகத் தயங்குபவர்களின் தயக்கத்துக்கும் காரணம் இருக்கிறது. பணிக்குத் தகுதியானவர்தானா என்று சோதிக்க உளவியல் மதிப்பீட்டுக்கு அனுப்பும் உரிமை துறைக்கு உண்டு. அதில் தேறாதவர் துப்பாக்கியையும் அடையாள வில்லையையும் ஒப்படைத்துவிட்டு மேசை வேலைக்குப் போக நேரலாம். சிகிச்சை தரும் மருத்துவரும் இந்த மதிப்பீட்டைச் செய்யும் மருத்துவரும் வேறு வேறு ஆட்கள்தான். ஆனால் இரவு 3 மணிக்குத் தூக்கம் வராமல் படுத்திருப்பவருக்கு அந்த வேறுபாடு புலப்படுவதில்லை. எதையும் எழுதிவைக்காத, எதையும் மதிப்பிடாத ஒருவர் தேவைப்படுகிறார்.

சமயப் பணியாளரிடம் சொன்னதை வெளியிடக் கட்டாயப்படுத்தக் கூடாது என்ற கொள்கை அமெரிக்கச் சட்டத்தில் பழையது. 1813இல் நியூயார்க்கில், பாவசங்கீர்த்தனத்தில் கேட்டதைச் சாட்சியாகச் சொல்ல மறுத்த அருட்தந்தை அந்தோணி கோல்மனின் பக்கம் நீதிமன்றம் நின்றது. இன்று எல்லா மாநிலங்களிலும் ஏதோ ஒரு வடிவில் இந்தப் பாதுகாப்பு இருக்கிறது. அதன் எல்லைகள் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். குழந்தைக்கு நடக்கும் கொடுமையைப் போதகரும் அரசுக்குத் தெரிவித்தே ஆக வேண்டிய மாநிலங்கள் உண்டு. பேச வருபவரிடம் அந்த எல்லையை முதலிலேயே சொல்லிவிடும் போதகரைத்தான் நம்பலாம். இதனால்தான் பணியிலிருக்கும் காவலர் ஒருவரையே போதகராகவும் வைத்துக்கொள்ளும் வழக்கம் தவறானது என்று சொல்ல வேண்டியிருக்கிறது. கைது செய்யும் அதிகாரமும் அறிக்கை எழுதும் கடமையும் உள்ளவர் காதில் விழுந்தது எந்தத் தகுதியில் விழுந்தது என்று பின்னால் ஒரு வழக்கறிஞர் கேட்டால், பேசியவர் பாதுகாப்பு இழந்து நிற்பார்.

போதகராவதற்கான வழி வெளிப்பார்வைக்கு எளியது. சம்பளப் பதவிகளுக்குப் பெரும்பாலும் இளங்கலைப் பட்டமும் அதற்குமேல் 3 ஆண்டு இறையியல் பட்டமும் கேட்பார்கள். தொண்டர்களிடம் குருத்துவ அபிஷேகமோ சபை தரும் போதக உரிமமோ, சில ஆண்டுச் சபைப் பணி அனுபவமோ போதும். சொந்தத் திருச்சபையின் அங்கீகாரக் கடிதம், கைரேகை, குற்றப் பின்னணி விசாரணை, வாகன ஓட்டுதல் பதிவேடு ஆகியவை பெரும்பாலும் பார்க்கப்படும். தீயணைப்புப் பக்கத்தில், பேரிடர்க் களத்தில் யார் யாருக்குக் கட்டளை இடுகிறார் என்பதைக் கற்பிக்கும் கூட்டரசின் அடிப்படைப் பாடங்களையும் முடிக்கச் சொல்வது வழக்கம். உண்மையில் ஆளை உருவாக்குவது மருத்துவமனைப் போதகப் பயிற்சி. மாசசூசெட்ஸின் உஸ்டர் மனநல மருத்துவமனையில் ஆண்டன் பாய்சன் 1925இல் தொடங்கிய முறை இது. அவரே மனநோயாளியாகச் சிகிச்சை பெற்றவர். புத்தகங்களைப் படிப்பதுபோலத் துன்பப்படும் மனிதரையும் கவனமாகப் படிக்க வேண்டும் என்று மாணவர்களை நோயாளிகளிடையே வேலை செய்யவைத்தார். இன்று இதன் ஓர் அலகு 400 மணி நேரம். நோயாளியோடு நடந்த உரையாடலை நினைவிலிருந்து வரிக்கு வரி எழுதி, குழுவின் முன் வைக்க வேண்டும். எந்த இடத்தில் அவரைப் பேசவிடாமல் குறுக்கிட்டோம், எந்த வசனத்தைச் சொல்லித் தப்பித்துக்கொண்டோம் என்பது அங்கே அம்பலமாகும். பிரசங்கம் செய்து பழகிய வாய்க்கு இது கடினமான பயிற்சி. போதகராக விரும்புபவர் எதைத் தவிர்த்தாலும் இதைத் தவிர்க்கக் கூடாது.

இறப்புச் செய்தி சொல்லும் கடமையில் இந்தப் பயிற்சியின் பயன் தெரியும். முறை கறாரானது. தொலைபேசியில் சொல்லக் கூடாது. நேரில், இருவராக, தாமதமின்றிப் போக வேண்டும். கதவு திறந்ததும் எதிரே நிற்பவர் யார் என்பதை உறுதி செய்துகொண்டு, உள்ளே வரலாமா என்று கேட்டு, அவரை உட்காரவைக்க வேண்டும். பிறகு சுற்றி வளைக்காமல் பெயரைச் சொல்லி, இறந்துவிட்டார் என்றே சொல்ல வேண்டும். ‘நம்மை விட்டுப் போய்விட்டார்’ போன்ற மென்மொழி, கேட்பவர் மனத்தில் ஒரு நிமிடம் பொய்யான நம்பிக்கையை எழுப்பிவிட்டு அதன்பின் உடைக்கும். அது கடவுளின் சித்தம் என்று சொல்வது கூடவே கூடாது. உறவினரோ அண்டை வீட்டாரோ வந்து சேரும்வரை போதகர் அங்கேயே இருப்பார். 1995 ஏப்ரல் 19 அன்று ஓக்லஹோமா நகரில் நடந்த குண்டுவெடிப்பில் 168 பேர் இறந்தபோது, காத்திருந்த குடும்பங்களுக்கு ஃபர்ஸ்ட் கிறிஸ்டியன் தேவாலயத்தில் இடம் ஒதுக்கப்பட்டது. சமயப் பணியாளர்களும் மனநலப் பணியாளர்களும் சேர்ந்த குழுக்களே அங்கே செய்தியைச் சொன்னார்கள். காவலர் ஒருவர் துப்பாக்கியால் சுட நேர்ந்த இடத்தில் வேறொரு கட்டுப்பாடு உண்டு. அங்கே வரும் போதகர், என்ன நடந்தது என்று கேட்க மாட்டார், கேட்டால் சாட்சியாக அழைக்கப்பட நேரலாம். தண்ணீர் வேண்டுமா, வீட்டுக்குச் சொல்லியாகிவிட்டதா என்பதோடு பேச்சு நிற்கும்.

போதகர்மேல் வீரர்கள் வைக்கும் நம்பிக்கையை ஒரே நாளில் வாங்க முடியாது என்பதற்கு மறைமுகமான ஆதாரம் ஒன்று இருக்கிறது. தீயணைப்புப் பணியிலிருந்து உளவியலுக்கு வந்த ஜெஃப்ரி மிச்செல், கொடிய சம்பவத்துக்குப் பின் அணியை உட்காரவைத்துப் படிப்படியாகப் பேசவைக்கும் முறையை 1983இல் முன்வைத்தார். அது வேகமாகப் பரவியது. இத்தகைய ஒற்றை அமர்வுகளைப் பற்றிய சோதனைகளைத் தொகுத்து, மருத்துவ ஆய்வுகளை மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2002இல் வெளியிட்ட மதிப்பாய்வு, அவை அதிர்ச்சிக்குப் பிந்தைய மனவடுவைத் தடுக்கவில்லை என்று கண்டது. கட்டாயமாகப் பேசவைப்பதை நிறுத்த வேண்டும் என்றும் சொன்னது. அச்சோதனைகளில் பெரும்பாலானவை விபத்திலும் பிறவற்றிலும் அடிபட்ட தனிநபர்களைப் பற்றியவை. அணிகளைப் பற்றியவை அல்ல. ஆகவே இதைக் கொண்டு போதகர் முறை வென்றுவிட்டது என்று முடிவுகட்டுவது நேர்மையாகாது. ஒருமுறை வந்து பேசவைத்துவிட்டுப் போவதை மட்டும் நம்பி இருக்கக் கூடாது என்பது வரை சொல்லலாம். போதகரின் வழி அதற்கு நேர்மாறானது. தீயணைப்பு நிலையங்களில் 24 மணி நேரப் பணிமுறை பரவலானது. சமையலறை மேசைதான் அங்கே பொது இடம். ஒன்றுமே நடக்காத நாட்களில் அந்த மேசையில் உட்கார்ந்து காய் நறுக்கியவரிடம்தான், நடந்த நாளுக்குப் பிறகு பேச்சு வரும். காவலரோடு ரோந்து வண்டியில் போவதிலும் அப்படியே. இருவரும் சாலையைப் பார்த்துக்கொண்டிருப்பதால் முகம் பார்க்காமல் பேச முடிகிறது.

நியூயார்க் தீயணைப்புத் துறைக்கு 1992இல் போதகரான பிரான்சிஸ்கன் துறவி மைக்கல் ஜட்ஜை இதற்கு முன்மாதிரியாகக் காட்டலாம். மன்ஹாட்டனில் அவர் தங்கியிருந்த துறவியர் இல்லத்துக்கு எதிர்ச்சாரியிலேயே ஒரு தீயணைப்பு நிலையம் இருந்தது. குடியிலிருந்து மீண்டவர் என்பதை அவர் மறைக்கவில்லை. அந்தப் பிரச்சினை உள்ள வீரர்கள் அவரிடம் வர அதுவே வழியானது. 1986இல் சுடப்பட்டுக் கழுத்துக்குக் கீழே செயலிழந்த காவலர் ஸ்டீவன் மெக்டொனால்டுக்கு நண்பராக இருந்து, அவரோடு வட அயர்லாந்துக்குச் சமாதானப் பயணம் போனார். 2001 செப்டம்பர் 11 அன்று உலக வர்த்தக மையத்தின் வடக்குக் கோபுர முகப்பில் இறந்தார். அன்றைய இறப்புகளில் முதலாவதாகப் பதிவானது அவருடையது. அத்துறை இழந்த 343 பேரில் அவரும் ஒருவர். அவர் பெயர் தாங்கிய கூட்டரசுச் சட்டம் 2002இல் வந்தது. அவசர அழைப்புக்குப் போய் இறக்கும் போதகரின் வாரிசுகளுக்கும் பணி இறப்புக்கான உதவித்தொகை உண்டு என்று அது உறுதிசெய்தது. போதகருக்கு அதிகாரம் தராமலே அவர் உயிரின் விலையை அரசு ஒப்புக்கொண்ட நல்ல சட்டம் அது.

அரசுத் துறைக்குள் சமயம் எதற்கு என்ற எதிர்ப்பு வலுவானது. அமெரிக்கப் பெரியவர்களில் 10 பேரில் சுமார் 3 பேர் எந்தச் சமயத்தையும் சாராதவர்கள் என்று அண்மைக் கருத்தாய்வுகள் காட்டுகின்றன. நீதிமன்றங்களும் கோடு கிழித்திருக்கின்றன. வட கரோலினாவின் ஷார்லட் நகரம் ஒரு தேவாலயத்தோடு ஒப்பந்தம் செய்து காவல் போதகரை அமர்த்தியதை 1980இல் கூட்டரசு நீதிமன்றம் அரசியல் சட்டத்துக்கு முரணானது என்றது. வாஷிங்டன் மாநிலத்தின் பியர்ஸ் கவுண்டியில் தொண்டர்களாக இயங்கிய போதகர்களின் திட்டத்தை மாநில உச்ச நீதிமன்றம் 1997இல் ஏற்றுக்கொண்டது. அரசு எந்தச் சபையையும் தூக்கிப் பிடிக்காமல், கேட்பவருக்கு மட்டும் துணை கிடைக்கும்போது திட்டம் நிலைக்கிறது. மதம் மாற்ற முயலும் போதகர் சட்டத்தையும் மீறுகிறார், தன் ஒரே மூலதனமான நம்பிக்கையையும் கரைக்கிறார். சமய நம்பிக்கை இல்லாதவருக்குச் சமயச் சார்பற்ற ஆலோசகரும் பயிற்சி பெற்ற சக பணியாளரும் கிடைக்க வேண்டும்; போதகர் அவர்களுக்கு மாற்று அல்ல.

இதைவிடக் கடுமையான எதிர்ப்பு தெருவிலிருந்து வருகிறது. காவலரால் கொல்லப்பட்டவரின் தாயிடம், அதே காவல் துறையின் சட்டை அணிந்த போதகர் ஆறுதல் சொல்லப் போனால், அதைத் துறையின் சமாதானத் தூது என்று அவர் நினைப்பதில் தவறில்லை. இந்த எதிர்ப்பு சரியானது. அந்த வீட்டுக்குத் துறையோடு தொடர்பில்லாத சமயப் பணியாளர்தான் போக வேண்டும். அவரை அழைப்பதற்கான ஏற்பாட்டை ஒவ்வொரு நகரமும் முன்பே செய்துவைக்க வேண்டும். போதகர் தவறு செய்த காவலருக்கும் துணை நிற்பார். ஆனால் பத்திரிகையாளர்கள் முன் அவருக்காகப் பேசக் கூடாது.

இப்பணியை நாடுபவர் துறைத் தலைவரிடம் முதலில் கேட்க வேண்டியது ஒன்று: என்னிடம் பேசியவர்களைப் பற்றி என்னிடமிருந்து எந்த அறிக்கையாவது எதிர்பார்ப்பீர்களா? சட்டம் கட்டாயமாக்கியவை தவிர எதையும் கேட்க மாட்டோம் என்ற பதில் எழுத்தில் வரவேண்டும். வராவிட்டால் அந்தத் துறையில் பொறுப்பேற்காதீர்கள்.